பெட்ரோல் காருக்கு இன்ஜெக்டர் கிளீனர்: எந்த பாட்டில், எவ்வளவு, எப்போது?

#1 அவிநாசி_ரோடு

வணக்கம். வண்டி 2013 ஐ20, 1.2 பெட்ரோல், 78,000 கி.மீ. ஓட்டம் பெரும்பாலும் திருப்பூர் ஊருக்குள்தான், ஒரு நடைக்கு 5, 6 கி.மீ.

காலையில் ஸ்டார்ட் பண்ணி முதல் ரெண்டு கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு நொடி முக்கிட்டுத்தான் எடுக்குது. சூடானதும் அது போயிடுது. ஆனா மேட்டுலயும் ஓவர்டேக் பண்றப்பவும் இழுவை குறைவு, அது எஞ்சின் சூடா இருந்தாலும் இருக்கு. செக் எஞ்சின் லைட் எரியலை. நாலு பிளக்கும் போன சர்வீஸ்ல மாத்தியாச்சு, ஏர் ஃபில்டர் புதுசு.

சர்வீஸ்ல "ஃப்யூயல் சிஸ்டம் கிளீனர் ஊத்துங்க"ன்னு சொல்றாங்க. கடையில 200 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரைக்கும் பாட்டில் இருக்கு. எல்லா லேபிள்லயும் அதே "மைலேஜ் கூடும், பிக்கப் கூடும்". எதை வெச்சுத் தரம் பிரிக்கிறது?

#2 எரிபொருள்_வேதி

லேபிளின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பாட்டிலுக்குள் இருப்பது மூன்று வகைதான்.

முதல் வகை வெறும் கரைப்பான்: நாப்தா, சைலீன், மண்ணெண்ணெய் மாதிரியான லேசான எண்ணெய்கள். 200 ரூபாய் பாட்டில்கள் பெரும்பாலும் இந்த ரகம். பிஎஸ்6 பெட்ரோலிலேயே டொலுவீன், சைலீன் போன்ற அரோமேட்டிக்குகள் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. 40 லிட்டர் டேங்கில் அப்படியே 14 லிட்டர் வரை இருக்கிற சமாச்சாரத்தில் இன்னும் 300 மி.லி. சேர்த்து என்ன கழுவப் போகிறது? காவிரியில் ஒரு சொம்பு தண்ணீர்.

இரண்டாவது பிஐபிஏ, அதாவது பாலிஐசோபியூட்டிலீன் அமீன். இன்ஜெக்டர் முனையிலும் இன்டேக் வால்விலும் வேலை செய்யும். ஆனால் எரி அறைக்குள் முழுதாக எரியாமல் பிஸ்டன் தலையில் தன் பங்குக்குக் கொஞ்சம் படிவை விட்டுச் செல்லும். அதனால் சிறிய அளவில் தொடர்ந்து போடுவதற்குப் பரவாயில்லை, ஒரே தடவை அதிக அளவில் ஊற்றிக் கழுவுவதற்கு உகந்ததல்ல.

மூன்றாவது பிஇஏ, பாலிஈதர்அமீன். செவ்ரான் நிறுவனத்தின் டெக்ரான் இந்த வகையால்தான் பெயர் வாங்கியது. மூலக்கூறின் அமீன் முனை கரிப்படிவைப் பிடிக்கும், நீண்ட வால் அதை பெட்ரோலோடு கரைத்து இழுத்துப் போகும். அதிக சூட்டிலும் சிதையாது என்பதால் இன்ஜெக்டர், வால்வு, எரி அறை மூன்றிலும் பலன் உண்டு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் தவிர வேறெதுவும் இல்லாததால் சாம்பல் விடாது, ஆக்சிஜன் சென்சாருக்கும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் பாதகமில்லை.

கண்டுபிடிப்பது எப்படி? தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளை இறக்குங்கள். 3ஆம் பகுதியில் உட்பொருள்கள் சதவீத வரம்போடு இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆபத்து வகையில் வரும் பொருள்களை மட்டும் காட்டினால் போதும் என்பது விதி. பிஇஏ அங்கே இல்லை என்பதாலேயே பாட்டிலில் இல்லை என்று ஆகாது. ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் மண்ணெண்ணெய் வகை என்று அவர்களே எழுதியிருந்தால், மிச்சம் எவ்வளவு இருக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்னொரு கணக்கு. 350 மி.லி. பாட்டிலில் பிஇஏ 30 முதல் 50 சதவீதம் என்றால் உண்மையான மருந்து 105 முதல் 175 மி.லி. 500 மி.லி. பாட்டிலில் 5 முதல் 10 சதவீதம் என்றால் 25 முதல் 50 மி.லி. பெரிய பாட்டில், மருந்து மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாட்டில் விலையைப் பார்க்காமல், மருந்து ஒரு மி.லி. என்ன விலை விழுகிறது என்று பாருங்கள்.

#3 சாவி14

வேதி சார் சொன்னது சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அழுக்கு எங்கே இருக்கு?

பெட்ரோல் போற வழி இதுதான். டேங்க், பம்ப், ஃபில்டர், குழாய், ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிச்சுக் கொடுக்கிற குழாய்), இன்ஜெக்டர், இன்டேக் வால்வின் முதுகு, எரி அறை. பாட்டில் மருந்து இந்த வழியில மட்டும்தான் போகும். திராட்டில் பாடி இந்த வழியில இல்லை, அதுல காத்து மட்டும்தான் போகுது. திராட்டில் தட்டுல ஒட்டின கருப்பு பிசுக்கால ஐடிலிங் ஆடுதுன்னா, டேங்குல பத்து பாட்டில் ஊத்தினாலும் ஆடிட்டேதான் இருக்கும். அதுக்கு திராட்டில் கிளீனர் ஸ்ப்ரே, பழைய பனியன் துணி, அப்புறம் ஐடில் ரீலேர்ன் (ஐடிலிங் அளவை எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கத்துக்கொடுக்கிறது). அவ்வளவுதான்.

தம்பி, உங்க வண்டியில ரெண்டு தனித்தனி தொந்தரவு இருக்குற மாதிரி தெரியுது.

குளிர்ல முக்கி, சூடானதும் போறது: இன்டேக் வால்வு முதுகில் கரி. அது ஸ்பாஞ்சு மாதிரி. இன்ஜெக்டர் அடிக்கிற பெட்ரோலைக் குளிர்ல உறிஞ்சி வெச்சுக்கும், சிலிண்டருக்குப் போறது குறையும், ஒரு நொடி தடுமாறும். வால்வு சூடாயிட்டா பெட்ரோல் ஆவியாகி உள்ளே போயிடும், தொந்தரவு மறைஞ்சிடும். குறுகிய ஓட்டம் இதை வளர்க்கும். எஞ்சினை நிறுத்தினதும் சூடு தங்கி இன்ஜெக்டர் முனைக்கு ஏறும், அங்கே நிக்கிற சொட்டு பெட்ரோல்ல லேசான பாகம் பறந்துபோய்ப் பிசின் மட்டும் மிஞ்சும். தினம் நாலு தடவை அணைச்சா நாலு பூச்சு.

மேட்டுல இழுவை குறையறது சூட்டுலயும் இருக்குன்னா, அது வேற கதையா இருக்கலாம். பெட்ரோல் வேணுங்கிற அளவு வரலை. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர், மூணுல எது வேணா இருக்கலாம். ஒரு ஓபிடி புளூடூத் டாங்கிள் (வண்டியோட சோதனை சாக்கெட்ல செருகி எண்ணை போன்ல காட்டுறது) வாங்கி லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம், அதாவது இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) வழக்கமான அளவுக்கு மேல எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுது, குறைக்குதுங்கற எண், எவ்வளவுன்னு பாருங்க. ஐடிலிங்ல, 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி வெச்சு, அப்புறம் மூணாவது கியர்ல மேட்டுல பாதி ஆக்சிலரேட்டர்ல. மூணு எண்ணையும் இங்கே போடுங்க. முழுசா மிதிக்காதீங்க, அப்போ இசியூ ஆக்சிஜன் சென்சாரைக் கேக்காம தானா பெட்ரோல் ஊத்தும், படிச்ச எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. எண்ணைப் படிக்கிறது பக்கத்து சீட்டுல இருக்குறவர் வேலை.

ஐடிலிங்ல மட்டும் அதிகம், 2,500ல குறையுதுன்னா வேக்குவம் லீக் (திராட்டிலைத் தாண்டி வெளிக்காத்து கசிஞ்சு உள்ளே வர்றது). லோடு ஏற ஏற அதிகமாகுதுன்னா சப்ளை குறைவு.

#4 கரிப்பிஸ்டன்

ஒரு திருத்தம். வேக்குவம் லீக் விதி மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான் அப்படியே பொருந்தும். சென்சாரைத் தாண்டி உள்ளே வரும் காற்றை அது எண்ணாது, அதனால் டிரிம் ஏறும். இந்த ஐ20 எஞ்சினில் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்) அழுத்தம் பார்க்கும் மேப் சென்சார். லீக் வழியே வரும் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தத்தைத்தான் ஏற்றும், இசியூ அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் கூட்டிவிடும். இந்த வகையில் லீக் இருந்தால் டிரிம் பெரிதாகக் காட்டாது, ஐடில் ஆர்பிஎம் ஏறிக் கிடக்கும். எண்ணைப் படிக்கும் முன் எந்த சென்சார் என்று தெரிந்துகொள்ளணும்.

அப்புறம் பொதுவாக ஒன்று. நல்ல பங்கில் பெட்ரோல் போட்டாலே போதாதா? பிரீமியம் பெட்ரோலில் கிளீனர் ஏற்கெனவே கலந்துதானே வருகிறது?

#5 சாவி14

மேப் சென்சார் விஷயம் சரிதான், அவசரத்துல பொதுவிதியை எழுதிட்டேன். லோடு எண் எப்படியும் உதவும்.

#6 எரிபொருள்_வேதி

பிரீமியம் பெட்ரோல் என்றதும் ஆக்டேனையும் டிடர்ஜென்ட்டையும் குழப்பக் கூடாது. ஆக்டேன் என்பது நாக்கிங் தாங்கும் சக்தி, அதற்கும் கழுவுவதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்பி95, பவர்95, ஸ்பீட் வகைகளில் அடிட்டிவ் கலந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த அளவு சுத்தமான எஞ்சினை அழுக்காகாமல் வைக்கும் அளவு. 78,000 கி.மீ. படிந்த கரியைக் கழற்ற அதைப் போலப் பல மடங்கு செறிவு வேண்டும்.

அமெரிக்காவில் 1995 முதல் எல்லா பெட்ரோலிலும் குறைந்தபட்ச டிடர்ஜென்ட் கட்டாயம். அந்தக் குறைந்தபட்சம் போதவில்லை என்று பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா சேர்ந்து 2004இல் 'டாப் டயர்' என்று உயர்ந்த தரம் ஒன்றைக் கொண்டுவந்தன. கார் கம்பெனிகளே பெட்ரோலில் இருக்கிற டிடர்ஜென்ட்டைப் பற்றிக் கவலைப்பட்டது என்றால் விஷயம் வெறும் பாட்டில் வியாபாரம் மட்டுமில்லை என்று தெரியும். அதற்காக மாதம் ஒரு பாட்டில் ஊற்றச் சொல்லவில்லை.

#7 அவிநாசி_ரோடு

டாங்கிள் வாங்கிப் பார்த்தாச்சு. எஞ்சின் முழு சூட்டுல, லாங் டெர்ம்:

ஐடிலிங்: +7
2,500 ஆர்பிஎம்: +8
மூணாவது கியர், மேடு, பாதி ஆக்சிலரேட்டர்: +17

ஐடில் ஆர்பிஎம் ஏறலை, ஏசி இல்லாம 700 பக்கம் நிக்குது. +7ம் +8ம் கெட்ட எண்ணா?

#8 எரிபொருள்_வேதி

கெட்ட எண் இல்லை, அதில் பெரும்பங்கு இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலின் கணக்கு.

சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்தால் சுமார் 14.1. 20 சதவீதம் என்றால் சுமார் 13.5. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். ஆகவே அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்றியாக வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அமைத்த பழைய எஞ்சினில் சுமார் 9 சதவீதம் கூடும், இ10க்கு அமைத்ததில் 4 சதவீதத்துக்கு மேல். ஐடிலிலும் 2,500லும் ஒரே மாதிரி +7, +8 வருவது இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. இதைப் பார்த்து இன்ஜெக்டர் அடைத்துவிட்டது என்று பாட்டில் விற்பவர்கள் உண்டு.

மைலேஜுக்கும் இதே பதில். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ20இல் குறைகிற அந்த மைலேஜை எந்த பாட்டிலும் திருப்பித் தராது. "எத்தனால் பாதுகாப்பு" என்று எழுதிய பாட்டிலில் உலோகத்துக்குத் துருத்தடுப்பு இருக்கலாம். 2013 வண்டியின் ரப்பர் ஓரிங்கையும் ஹோஸையும் அது காப்பாற்றாது. அவற்றைக் கண்ணால் பார்த்து, வெடிப்போ ஊறலோ தெரிந்தால் மாற்றுவதுதான் வழி. "தண்ணீர் நீக்கி" என்று ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விற்கிறார்கள், அதுவும் வேண்டாம். உங்கள் டேங்கில் 20 சதவீதம் ஆல்கஹால் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி மாதிரி அதிகத் தண்ணீர் இறங்கிவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியில்தான். அப்போது டேங்கை இறக்கிக் காலி செய்வது ஒன்றே வேலை.

+17 பற்றிச் சாவி14 சொல்லட்டும்.

#9 சாவி14

+8லிருந்து +17, அதுவும் லோடுல மட்டும். பாட்டில் வாங்காதீங்க, முதல்ல பிரஷர் பாருங்க.

இந்த மாதிரி ரிட்டர்ன் லைன் (மிஞ்சின பெட்ரோல் டேங்குக்குத் திரும்புற குழாய்) இல்லாத வண்டிகள்ல ரெயில் பிரஷர் வழக்கமா 3 முதல் 4 பாருக்குள்ள, மாடலுக்கு மாடல் மாறும். ரெயிலுக்குப் போற ஹோஸ்ல டி-ஜாயின்ட் போட்டு கேஜ் மாட்டணும். கழற்றுறதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு, எஞ்சின் தானா அணையற வரைக்கும் ஓட விட்டு, ரெண்டு தடவை செல்ஃப் அடிச்சு பிரஷரை இறக்குங்க. அப்படியும் ஒரு ஸ்பூன் அளவு பெட்ரோல் சிந்தும், துணி சுத்திப் பிடிச்சுக்கிட்டுத்தான் க்ளிப்பை அழுத்தணும். எஞ்சின் ஆறியிருக்கணும்.

ஓட்டிப் பார்க்கும்போது கேஜை பானெட்டுக்கு வெளியே எடுத்து, வைப்பருக்கு அடியில் செருகி டேப் ஒட்டினா கண்ணாடி வழியா முள்ளைப் பார்க்கலாம். பெட்ரோல் ஹோஸை கேபினுக்குள்ள கொண்டு வரவே கூடாது.

ஐடிலிங்ல சரியா இருந்து மேட்டுல 0.5 பாருக்கு மேல விழுந்தா ஃபில்டர் இல்லைன்னா பம்ப். மேட்டுலயும் முள் ஆடாம நின்னா இன்ஜெக்டர்தான். அப்போ பாட்டிலுக்கு வேலை இருக்கு. உங்க வண்டி ஃபில்டர் டேங்குக்குள்ள பம்போட சேர்ந்து இருக்கு, பின் சீட்டைத் தூக்கினா மூடி தெரியும். பல வண்டிகள்ல இதை "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்"னு விட்டுடுவாங்க. 78,000ல யாரும் தொட்டிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. இ20 வந்தப்புறம் பழைய டேங்க்ல ஒட்டிக் கிடந்த பிசினை எத்தனால் கரைச்சு ஃபில்டருக்கு அனுப்பும். அதுமேல கிளீனரும் ஊத்தினா இன்னும் கொஞ்சம் வரும். ஃபில்டர் பாதி அடைச்சிருக்கிற வண்டியில கிளீனர் ஊத்தி "ஊத்தினதுக்கு அப்புறம்தான் வண்டி கெட்டுச்சு"ன்னு சொல்றது இதனாலதான்.

#10 இரண்டாம்_கியர்

குறுக்கே வருகிறேன். நம்மிடம் 1.0 டிஎஸ்ஐ, டைரக்ட் இன்ஜெக்ஷன். இதற்கும் இதே பாட்டில்தானா?

#11 கரிப்பிஸ்டன்

பாட்டில் அதே, எதிர்பார்ப்பு வேற. ஐ20 மாதிரி போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து உள்ளே போகும், மருந்தும் கூடவே விழும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் இன்ஜெக்டர் நேரே சிலிண்டருக்குள் அடிக்கும், வால்வின் முதுகில் ஒரு சொட்டு பெட்ரோலும் படாது. அங்கே படிவது பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் புகையை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) வழியே வரும் எண்ணெய்ப் புகை. டேங்கில் எதை ஊற்றினாலும் அது அங்கே போய்ச் சேராது. அதிகமாகப் படிந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, அரைத்த வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றில் அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பிஇஏ உங்களுக்கு உதவுவது இன்ஜெக்டர் முனைக்கு. அது எரி அறைக்குள்ளேயே நிற்கிறது, 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் அடிக்கிறது, முனையில் கரி ஏறினால் தெளிப்பு கோணம் கெடும். ஆயில் மாற்றும் தறுவாயில் ஒரு பாட்டில் போதும்.

ஹூண்டாய் 1.0, 1.5 டிஜிடிஐ, பூஸ்டர்ஜெட் எல்லாம் இதே டைரக்ட் இன்ஜெக்ஷன் ஜாதி. நெக்ஸான் 1.2 டர்போ பெட்ரோல் போர்ட் இன்ஜெக்ஷன். மாருதி டூயல்ஜெட் என்ற பெயரைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. அது சிலிண்டருக்கு ரெண்டு இன்ஜெக்டர், ரெண்டுமே போர்ட்டில்தான்.

#12 மஞ்சள்_சிலிண்டர்

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்கும் சொல்லுங்க. பெட்ரோல்ல மாத்தினா இழுக்க மாட்டேங்குது.

#13 சாவி14

சிஎன்ஜியில ஓடுற நேரம் பெட்ரோல் இன்ஜெக்டர் சும்மா சூட்டுல காயுது, டேங்க்ல பெட்ரோல் மாசக்கணக்குல கிடக்குது. பழைய பெட்ரோல், காய்ஞ்ச முனை, ரெண்டும் சேர்ந்தா பிசின். டேங்க்ல கிடக்கிறதை முதல்ல ஓட்டித் தீருங்க. அப்புறம் 15 லிட்டர் புதுசு, அதுக்கு மட்டும் கணக்குப் போட்டு மருந்து, சுவிட்சைப் பெட்ரோல்லயே வெச்சு அது தீர்ற வரைக்கும் ஓட்டுங்க. மருந்தை ஊத்திட்டு கேஸ்ல ஓட்டினா ஒரு பிரயோஜனமும் இல்லை. வாரம் ஒரு நாள் 15, 20 கி.மீ. பெட்ரோல்ல ஓட்டினா இந்தத் தொந்தரவே வராது.

#14 எரிபொருள்_வேதி

அளவு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் தவறுவது இதில்தான்.

355 மி.லி. 45 லிட்டருக்கு என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 8 மி.லி. சிஎன்ஜி வண்டியின் 15 லிட்டருக்கு 120 மி.லி. 5 லிட்டர் பைக் டேங்குக்கு 40 மி.லி. 300 மி.லி. 75 லிட்டருக்கு என்றால் லிட்டருக்கு 4 மி.லி.தான், அதன் கணக்கு வேறு. ஒரு பாட்டிலின் விகிதத்தை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. அளக்க இருமல் மருந்து மூடி நல்லது, 5, 10 என்று கோடு இருக்கும். சிரிஞ்ச் வேண்டாம், ரப்பர் தலை உப்பிச் சிக்கிக்கொள்ளும்.

இரட்டிப்பாக ஊற்றினால் இரட்டிப்பாகக் கழுவாது. எரியாமல் தப்பிய பிஇஏ சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் இறங்கித் தேங்கும், ஆயில் கெட்டியாகும். அதனால்தான் ஆயில் மாற்றப் போகும் முந்தைய டேங்கில் ஊற்றச் சொல்வது. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு பாட்டிலுக்கு மேல் வேண்டாம்.

ஊற்றும் முறை: ரிசர்வ் விளக்கு எரிந்ததும் பங்குக்குப் போங்கள். முதலில் மருந்து, அதன்மேல் பெட்ரோல், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். பெயின்டில் சிந்தினால் உடனே துடைத்துத் தண்ணீர் விடுங்கள், காய்ந்தால் கறை. அன்றைக்கே ஒரு நீண்ட ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர்க்காரருக்கு சேலம் பைபாஸ் போதும், 2,500 முதல் 3,000 ஆர்பிஎம்மில் முக்கால் மணி நேரம். நடுவில் டாப்-அப் செய்து நீர்க்க வைக்காதீர்கள். கால் டேங்க் வரை இறக்கலாம், வறள விட வேண்டாம், பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான்.

முதல் நூறு கிலோமீட்டரில் லேசாக மிஸ்ஸிங் (சிலிண்டர் சில தடவை எரியாமல் விடுவது) வரலாம். கழன்ற கரித்துண்டு பிளக்கிலோ எக்ஸாஸ்ட் வால்விலோ சிக்கினால் அப்படித்தான். செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

#15 டீசல்_வாடை

1.3 டீசல், ஸ்விஃப்ட். இதே பாட்டிலை ஊத்தலாமா? எங்க ஊர் மெக்கானிக் லிட்டருக்குக் கொஞ்சம் சீமெண்ணெய் சேர்த்தா இன்ஜெக்டர் சுத்தமாகும்ங்கறார்.

#16 சாவி14

ரெண்டும் வேண்டாம். காமன் ரெயில் ஹை பிரஷர் பம்புக்கு டீசலே லூப்ரிகன்ட். சீமெண்ணெயோ பெட்ரோலோ கலந்தா அந்த வழவழப்பு போய் உலோகம் உரசும், பொடி ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். அப்புறம் பம்ப், ரெயில், நாலு இன்ஜெக்டர், எல்லாத்தையும் மாத்தணும். அந்தக் காலத்து மெக்கானிக்கல் பம்ப் தாங்கினது இது தாங்காது.

டீசலுக்குன்னே எழுதின கிளீனர் தனியா இருக்கு. பிஎஸ்6ல டிபிஎஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இருந்தா இரும்பு, சீரியம் கலந்த புகைக்குறைப்பான் எதையும் கம்பெனி சொல்லாம ஊத்தாதீங்க, சாம்பல் ஃபில்டர்லயே தங்கிடும். கிளீனருக்கு முன்னாடி டீசல் ஃபில்டர் அடி திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிங்க. அடியில தண்ணி கோடு கட்டி நின்னா பிரச்சினை அங்கேதான்.

#17 ரெண்டு_சக்கரம்

எங்க பக்கம் பெட்ரோல் டேங்க்ல அந்துருண்டை போடுறாங்களே, அதையும் ஒருத்தர் சொல்லிடுங்க.

#18 எரிபொருள்_வேதி

பீரோவில் போடுங்கள். நாப்தலீன் பெட்ரோலில் கரையும், கனமான வளைய மூலக்கூறு, எரியும்போது கரிதான் அதிகம். எதைக் கழுவ வந்தோமோ அதையே ஊற்றுவது. அதே வரிசையில் மாங்கனீசு, ஃபெரோசீன் கலந்த ஆக்டேன் பூஸ்டரும். பிளக் பீங்கானில் செங்கல் நிறத்தில் பூச்சு ஏறி மின்சாரம் கசியும்.

#19 அவிநாசி_ரோடு

கேஜ் போட்டாச்சு. ஐடிலிங்ல 3.5, மேட்டுல 2.6 வரைக்கும் விழுந்துச்சு. ஃபில்டரை மாத்தினாங்க, பம்ப் வலை கருப்பா இருந்ததால அதையும். இப்போ மேட்டுல 3.4, டிரிம் +9. இழுவை வந்துடுச்சு.

காலைல முக்கறது மட்டும் அப்படியே இருக்கு. அப்போ இப்பதான் பிஇஏ பாட்டில், சரியா? முதல் டேங்க்லயே தெரிஞ்சிடுமா?

#20 சாவி14

இப்பதான் சரியான நேரம். இன்ஜெக்டர் முனைன்னா ஒரு டேங்க்லயே தெரியும். வால்வு முதுகுக் கரி அடுக்கடுக்கா இருக்கும், மெதுவாத்தான் கரையும். ஒரு பாட்டில் போட்டு ஓட்டுங்க, அடுத்த டேங்க் சாதா பெட்ரோல், அதுக்கடுத்து ரெண்டாவது பாட்டில், உடனே ஆயில் மாத்திடுங்க. மாற்றம் தெரியுதான்னு அதே இடத்துல, அதே நேரத்துல, ராத்திரி முழுக்க நின்ன எஞ்சினோட பாருங்க. மதியம் வெயில்ல நின்ன வண்டியில சோதிச்சா எல்லா நாளும் நல்லாத்தான் இருக்கும்.

ரெண்டு பாட்டிலுக்கும் அசையலைன்னா மூணாவது வேண்டாம். இன்ஜெக்டரைக் கழற்றி சோதனை பெஞ்ச்ல போடுங்க. நாலு குடுவையிலயும் ஒரே அளவு பெட்ரோல் விழணும், அதிகத்துக்கும் குறைவுக்கும் 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வுல கழுவுறது). தெளிப்பு புகை மாதிரி விரியணும், நூல் மாதிரி ஒழுகினா அந்த ஒண்ணு கெட்டது. திருப்பி மாட்டும்போது மேல் கீழ் ஓரிங் எல்லாம் புதுசு, எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு தடவி நேரா அழுத்துங்க. உலர்ந்த ஓரிங் மடிஞ்சு உக்காந்தா பெட்ரோல் சூடான எஞ்சின் மேல கசியும்.

#21 கரிப்பிஸ்டன்

இன்ஜெக்டர் கழற்றினதும் அந்த ஓட்டை வழியே போரோஸ்கோப் கேமராவை விட்டு வால்வின் முதுகையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கரி மெல்லிய பூச்சாக இருந்தால் விட்டுவிடலாம். தண்டைச் சுற்றிக் கட்டியாக இருந்தால் மேனிஃபோல்ட் கழற்றல்தான். அதற்கு முன் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கையில் இருக்கட்டும், பழையதையே திருப்பிப் போட்டால் இங்கே அடுத்த கேள்வி "ஐடில் ஆர்பிஎம் ஏறிக் கிடக்குது" என்று தொடங்க வேண்டி வரும்.